நடுநிலை நாட்டின் அரண் எது?



வல்லரசுகள் யுத்தத்தில் இறங்கும்போது அவற்றின் நடுவே அகப்பட்ட சிறிய நாடு என்ன செய்ய வேண்டும்? "இது எமது சண்டை அன்று" என்று அறிக்கை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் தப்பிவிட முடியுமா? இக்கேள்வி இன்று பல சிறிய நாடுகளின் வாயிலில் மீண்டும் வந்து நிற்கின்றது. இதற்கு ஊகத்தால் அன்றி, நடந்து முடிந்த ஒரு வழக்கின் சாட்சியங்களைக் கொண்டு விடை காண்பதே முறையென்று கருதுகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட வழக்கு, இரண்டாவது உலக யுத்தத்திற் சுவிற்சர்லாந்து தன்னைக் காத்துக்கொண்ட வரலாறு ஆகும்.

முதலிற் சந்தர்ப்பத்தை நினைவிற் கொள்வோம். 1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டபோது நடுநிலைமையைப் பிரகடனஞ் செய்த நாடுகள் பல. 1940 ஏப்ரில் 9ஆந் திகதி டென்மார்க்கும் நோர்வேயும் தாக்கப்பட்டன. மே 10ஆந் திகதி ஒல்லாந்தும் பெல்ஜியமும் லக்சம்பேர்க்கும் தாக்கப்பட்டன. ஐந்தும் நடுநிலை நாடுகள். யூன் மாதத்திற் பிரான்ஸ் வீழ்ந்தது. இத்தாலியும் ஜேர்மனியின் பக்கம் நின்று யுத்தத்தில் இறங்கியது. வடக்கே ஜேர்மனி, கிழக்கே ஜேர்மனி விழுங்கிய ஒஸ்திரியா, தெற்கே இத்தாலி, மேற்கே தோற்றுப்போன பிரான்ஸ். இவற்றின் நடுவே, கடலுக்கு வழியில்லாத, 42 இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு நாடு. அந்நாடு 1945இல் யுத்தம் முடியும்வரை படையெடுப்புக்கு ஆளாகாமல் நின்றது.

எப்படி நின்றது? மலை காத்தது என்பர் சிலர். நோர்வேயிலும் மலை உண்டு. பணம் காத்தது என்பர் வேறு சிலர். ஒல்லாந்தும் செல்வம் படைத்த நாடுதான். ஒப்பந்தம் காத்தது என்பர் இன்னுஞ் சிலர். ஒப்பந்தம் பெல்ஜியத்திடமும் இருந்தது. ஆகவே, ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியே கூண்டில் ஏற்றி விசாரிப்பது அவசியமாகின்றது.

சட்டம் கொடுத்தது என்ன?

சட்டத்தை முதலில் விசாரிப்போம். 1815 நவம்பர் 20ஆந் திகதி, நெப்போலியனை வென்ற வல்லரசுகள் பாரிசிற் கூடி, சுவிற்சர்லாந்தின் நிரந்தர நடுநிலைமையை ஏற்றுக் கைச்சாத்திட்டன. 1907ஆம் ஆண்டின் ஐந்தாவது ஹேக் உடன்படிக்கை, தரை யுத்தத்தில் நடுநிலை நாடுகளின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்தது. நடுநிலை நாட்டின் மண் மீறப்படக் கூடாதது என்பது அதன் முதலாம் உறுப்புரை. யுத்தஞ் செய்வோர் தம் படைகளை அம்மண்ணின் வழியே கொண்டு செல்லக் கூடாது என்பது இரண்டாவது.

இவ்வளவையும் படித்துவிட்டு, நடுநிலைமை என்பது ஓர் உரிமை மாத்திரமே என்று பலர் நின்றுவிடுகின்றனர். அது பிழை. அத்தகைய செயல்களைத் தன் மண்ணில் நடைபெற விடக்கூடாது என்று ஐந்தாம் உறுப்புரை நடுநிலை நாட்டின் மீதே கடமையைச் சுமத்துகின்றது. ஒரு பக்கத்தார் தன் நாட்டின் வழியே படை நடத்தத் தடுக்காத நாடு, மறு பக்கத்தாரிடம் நடுநிலை பேச முடியாது. அத்தகைய மீறலைப் பலாத்காரத்தால் எதிர்த்தாலும் அது பகைச் செயலாகக் கொள்ளப்படமாட்டாது என்று பத்தாம் உறுப்புரை தெளிவுபடுத்துகின்றது. ஆகவே சட்டம் கேட்பது, நிராயுதபாணியாக நின்று கும்பிடும் நடுநிலையை அன்று. வேலி போட்டுக் காவல் நிற்கும் நடுநிலையையே ஆகும்.

1940 யூன் மாதத்தில் இக்கடமை நேரிற் சோதிக்கப்பட்டது. ஜேர்மன் படைகளாற் சூழப்பட்ட பிரெஞ்சு 45ஆவது படைப்பிரிவினர், அவர்களோடு நின்ற போலந்துப் போர்வீரர் உட்பட 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர், யூரா மலைப்புற எல்லையைக் கடந்து வந்தனர். சுவிற்சர்லாந்து அவர்களைத் திருப்பித் துரத்தவில்லை. ஆயுதத்தோடு நடமாட விடவுமில்லை. ஆயுதங்களை வாங்கி வைத்து, அவர்களைத் தடுப்பு முகாம்களில் தங்கவைத்தது. உடன்படிக்கையின் பதினோராம் உறுப்புரை கூறுவதும் அதுவே.

ஆயினும் சட்டத்தின் எல்லையையும் மறத்தலாகாது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839ஆம் ஆண்டிலேயே வல்லரசுகள் உத்தரவாதம் அளித்திருந்தன. பிரஷ்யாவும் அதிற் கைச்சாத்திட்டிருந்தது. 1914இல் அந்த ஒப்பந்தத்தை ஜேர்மன் அரசின் தலைமை மந்திரி "ஒரு காகிதத் துண்டு" என்று கூறியதாகப் பிரித்தானியத் தூதுவர் அறிவித்தார். சட்டம் உரிமையை நிலைநாட்டும். உரிமையை மீறியவனை உலகத்தின் முன் குற்றவாளியாக்கும். ஆனால் அவன் வருகின்ற இரவிற் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மனிதர் வேண்டும்.

படை கொடுத்தது என்ன?

சமாதான காலத்திற் சுவிஸ் சேனையில் ஜெனரல் என்ற பதவியே கிடையாது. ஆபத்து நெருங்கும்போது பாராளுமன்றமே ஒருவரைத் தெரிவு செய்யும். 1939 ஓகஸ்ட் 30ஆந் திகதி ஹென்றி கிசான் அவ்வாறு தெரிவு செய்யப்பட்டார். ஜேர்மன் மொழி பேசுவோர் பெரும்பான்மையினராக உள்ள அந்நாட்டில், ஜேர்மனியின் அச்சுறுத்தல் தலைமேல் நிற்கும் வேளையில், பிரெஞ்சு மொழி பேசும் வோ மாகாணத்தவர் ஒருவரின் கையிற் சேனை ஒப்படைக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

செப்டெம்பர் தொடக்கத்திற் பொது அழைப்பு விடுக்கப்பட்டது. ஏறக்குறைய 4 இலட்சத்து 30 ஆயிரம் பேர் அணி வகுத்தனர். மக்களிற் பத்தில் ஒருவர்! கமக்காரரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் தத்தம் வீட்டிலேயே வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். டென்மார்க்கும் நோர்வேயும் தாக்கப்பட்டபின், 1940 ஏப்ரில் 18ஆந் திகதி அரசாங்கமும் ஜெனரலும் சேர்ந்து ஒரு கட்டளை விடுத்தனர். எதிர்ப்பைக் கைவிடப் போகின்றோம் என்ற கருத்தில் வானொலியிலோ துண்டுப் பிரசுரத்திலோ எச்செய்தி வரினும் அதைப் பகைவனின் பொய்யென்றே கொள்ளல் வேண்டும் என்பது அக்கட்டளையின் சாரம். தலைநகர் அகப்பட்டாலும் எதிர்ப்பு நிற்கக் கூடாது என்பதற்கு முன்கூட்டியே செய்த ஏற்பாடு அது. அதே ஆண்டு மே, யூன் மாதங்களில் எல்லை மீறிய ஜேர்மன் விமானங்களிற் பதினொன்றைச் சுவிஸ் விமானப் படை வீழ்த்தியது. ஜேர்மனியிடமே விலை கொடுத்து வாங்கிய விமானங்களைக் கொண்டு இதைச் செய்தது!

பிரான்ஸ் சரணடைந்தபின் நாடு முழுவதும் ஒருவிதக் கலக்கம் பரவியது. யூன் 25ஆந் திகதி, அவ்வாண்டின் ஜனாதிபதியாகிய பிலே-கொலாஸ் வானொலியிற் பேசினார். எதிர்த்து நிற்போம் என்ற சொல் அப்பேச்சில் இல்லை; புதிய நிலைமைக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்ற தொனியே மேலோங்கியது. மக்கள் திகைத்தனர். சரியாக ஒரு மாதத்தின் பின், யூலை 25ஆந் திகதி, ஜெனரல் கிசான் தம் மேலதிகாரிகளை லூசேர்ண் ஏரியிற் கப்பலேற்றி, றுத்லி என்னும் புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். 1291இல் முதல் மூன்று மாகாணத்தவர் ஒன்றுபடச் சபதம் எடுத்த இடமென்று அம்மக்கள் போற்றும் நிலம் அது. அங்கு வைத்து அவர் அறிவித்த முடிவு இதுதான்: வெளி எல்லையில் மெல்லிய காவல் மாத்திரம் நிற்கும், பிரதான படை அல்ப்ஸ் மலையின் உள்ளே சென்று, கிழக்கே சார்கான்ஸ், நடுவே கொத்தார்ட், மேற்கே சென் மொறிஸ் ஆகிய கோட்டைகளைப் பற்றி நின்று போராடும்.

இத்திட்டத்தின் உட்பொருளை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே அல்ப்ஸ் மலையைக் குடைந்து செல்லும் கொத்தார்ட், சிம்ப்ளோன் புகையிரதப் பாதைகள் அச்சு நாடுகளுக்கு இன்றியமையாதவை. அச்சுரங்கங்களுக்கு வெடி வைத்து ஆயத்தமாயிருந்தது சுவிஸ் சேனை. "உன்னை எம்மால் வெல்ல முடியாமற் போகலாம். ஆனால் நீ எதற்காக வருகின்றாயோ, அது நீ வந்து சேரும்போது இருக்காது" என்பதே அச்செயல் சொன்ன செய்தி. சிறிய நாடு பெரிய நாட்டைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. தாக்குதலின் விலை அதன் பயனிலும் அதிகம் என்று காட்டினாற் போதும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையோ கொடியது. மலைக்குள்ளே படை, கீழே சமவெளியிற் சூரிச், பாசல், ஜெனீவா முதலிய நகரங்கள், அங்கேதான் மக்களிற் பெரும்பான்மையினர், அப்படைவீரரின் மனைவி மக்கள் உட்பட, வாழ்ந்தனர். அவர்களைப் பகைவன் கையில் விட்டுவிட்டு மலையில் நின்று போராடு என்று சொல்வது எளிதா? ஜேர்மன் இராணுவத் தலைமையகம் 1940இல் சுவிற்சர்லாந்தைத் தாக்கத் திட்டங்கள் வரைந்தது, அவை நிறைவேற்றப்படவில்லை. மலைக்கு அஞ்சினரா, புகையிரதப் பாதைக்கு அஞ்சினரா, வேறு களங்கள் அழைத்தனவா என்பதிற் சரித்திராசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். உள்ளே நிற்பவரிடம் செயற்றிறன் இல்லையெனின் எவ்வளவு சிறந்த அரணும் அரணாகாது என்றே வள்ளுவரும் தம் அரண் அதிகாரத்தை முடித்தார். அங்ஙனமாயின், உள்ளே நின்றவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது? இதுவே நமது விசாரணையின் மையம்.

பாணும் கூலியும்

1914 முதல் 1918 வரை நடந்த முதலாவது யுத்தத்திலும் சுவிற்சர்லாந்து நடுநிலை வகித்தது. அக்காலத்தில் எல்லைக்கு அனுப்பப்பட்ட தொழிலாளியின் கூலி நின்றுபோயிற்று. விலைவாசி ஏறியது, குடும்பங்கள் வறுமையில் வீழ்ந்தன. அதன் விளைவு, 1918 நவம்பரிற் பொது வேலைநிறுத்தம். அதை அடக்கச் சொந்த நகரங்களிலேயே சேனை இறக்கப்பட்டது. எல்லையைக் காக்கச் சென்றவன் வீட்டில் அடுப்பு எரியவில்லையெனில் அந்த எல்லை எத்தனை நாள் நிற்கும்?

இப்பாடத்தை அந்நாடு மறக்கவில்லை. 1937இல் உலோகத் தொழிலில் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும், பிணக்குகளைப் பேச்சினால் தீர்ப்பதென்று உடன்பாடு செய்தனர். 1940 பெப்ரவரி முதல், சேவைக்கு அழைக்கப்பட்ட தொழிலாளிக்கு இழந்த கூலியின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 2, முதலாளி நூற்றுக்கு 2 என்று செலுத்த, அரசாங்கமும் தன் பங்கை இட்டது. யுத்தம் முடிந்தபின் 1948இல் தொடங்கிய முதியோர் காப்புறுதிக்கு இத்திட்டமே முன்மாதிரியாயிற்று. 1943 டிசம்பரில், அதுவரை மந்திரிசபைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சமூக ஜனநாயகக் கட்சிக்கு முதன்முதலாக ஓர் ஆசனம் கிடைத்தது.

உணவுக்கும் வழி செய்யப்பட்டது. 1940 நவம்பரில் விவசாய நிபுணர் வாலன் என்பவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். புல்வெளிகள் உழப்பட்டன. சூரிச் நகரின் நடு மைதானத்திலும் உருளைக்கிழங்கு விளைந்தது. பயிர்நிலம் ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் ஹெக்டயரிலிருந்து 3 இலட்சத்து 50 ஆயிரம் ஹெக்டயருக்கு உயர்ந்தது. நாடு முழுத் தன்னிறைவை அடைந்துவிடவில்லை. எனினும் உருளைக்கிழங்குக்கு இறுதிவரை பங்கீடு வேண்டியிருக்கவில்லை. ஏனைய பொருள்களுக்குக் கூப்பன் முறை இருந்தது. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே கூப்பன். சுட்ட அன்றே பாணை விற்கலாகாது என்றும் விதித்தனர். புதுப் பாணை மக்கள் கூடுதலாக உண்பர் என்பதே காரணம். பகிர்ந்த பட்டினியை மக்கள் பொறுப்பர். தம் மீது மாத்திரம் சுமத்தப்பட்ட பட்டினியைப் பொறுக்கமாட்டார்.

நான்கு மொழிகள், ஒரு காவல்

இனி முக்கியமான சாட்சிக்கு வருவோம். ஹிட்லர் கூறிய வாதம் என்ன? ஜேர்மன் மொழி பேசுவோர் யாவரும் ஒரே இனம், ஒரே அரசு, ஒரே தலைவனுக்குரியவர் என்பதே. அவ்வாதத்தைக் கொண்டு 1938 மார்ச்சில் ஒஸ்திரியாவை விழுங்கினார். சுவிற்சர்லாந்திற் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஜேர்மன் பேசுவோர். மொழியே யாவற்றையும் தீர்மானிப்பதாயின், அவர்கள் எல்லையைத் திறந்து விட்டிருக்க வேண்டுமன்றோ?

முதலாவது யுத்தத்தில் அந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது. ஜேர்மன் பேசுவோரின் அனுதாபம் ஜேர்மனியின் பக்கமும், பிரெஞ்சு பேசுவோரின் அனுதாபம் பிரான்சின் பக்கமும் சாய்ந்து, நாடு இரண்டாகப் பிளந்துவிடும்போல் இருந்தது. தலைமைச் சேனைக் காரியாலயத்தின் இரகசிய அறிக்கைகளை இரு கேணல்மார் ஜேர்மன், ஒஸ்திரியத் தூதரகங்களுக்குக் கொடுத்து வந்த செய்தி 1916இல் வெளியானபோது, பிரெஞ்சுப் பகுதிகள் கொதித்தெழுந்தன.

இரண்டாவது யுத்தம் வருமுன் அந்நாடு செய்த காரியத்தைக் கவனியுங்கள். றொமான்ஷ் என்ற மொழியைப் பேசுவோர் அங்கு நூற்றுக்கு ஒருவர் அளவினரே. மலைக் கிராமங்களில் வாழும் எளிய மக்கள். அவர்கள் மொழி இத்தாலியின் கிளைமொழியே என்று இத்தாலியத் தேசியவாதிகள் உரிமை கொண்டாடினர். இதற்குச் சுவிற்சர்லாந்து பீரங்கியால் மறுமொழி கூறவில்லை. 1938 பெப்ரவரி 20ஆந் திகதி நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தி, றொமான்ஷ் மொழியை நான்காவது தேசிய மொழியாக அரசியற் சட்டத்தில் ஏற்றது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஆம் என்றனர். மத்திய அரசின் உத்தியோக மொழிகள் மூன்றாகவே தொடர்ந்தன என்பது உண்மை. ஆயினும், பெரும்பான்மையினர் தாமாக முன்வந்து, "நீரும் இவ்வீட்டின் உரிமைக்காரரே" என்று மிகச் சிறிய சமூகத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தனர்.

இச்செயலின் பலன் எத்தனை பீரங்கிகளுக்குச் சமம் என்று கணக்கிட எம்மால் இயலாது. ஆனால் இதைச் சொல்ல இயலும்: ஒரு சமூகத்தைத் தன் வீட்டில் அந்நியராக்கும் நாடு, பகைவனுக்குத் தானே ஒரு வாசலைத் திறந்து வைக்கின்றது. சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழியினரும் பேர்லினுக்குச் செவி சாய்க்கவில்லை. தம் மாகாணத்தில் தம்மைத் தாமே ஆளும் உரிமையை, ஒரே மொழி பேசும் பேரரசில் அடிமையாகும் பெருமைக்கு விற்க அவர்கள் விரும்பவில்லை. சமஷ்டி அமைப்பு நாட்டைப் பலவீனப்படுத்தும் என்று வாதிடுவோர் இச்சாட்சியத்துக்குப் பதில் கூறவேண்டும்.

கணக்கின் மறுபக்கம்

நியாயவாதி தன் கட்சிக்குப் பாதகமான சாட்சியத்தை மறைக்கலாகாது. சுவிற்சர்லாந்தின் கணக்கில் இருண்ட பக்கமும் உண்டு. நிலக்கரிக்கு ஜேர்மனியையே நம்பியிருந்த அந்நாடு அதற்குப் பொருளும் ஆயுதமும் விற்றது. யுத்த முடிவில் ஜேர்மனிக்குக் கொடுத்திருந்த வர்த்தகக் கடன் 110 கோடி பிராங்கைத் தாண்டியிருந்தது. சுவிஸ் தேசிய வங்கி ஜேர்மன் மத்திய வங்கியிடமிருந்து 120 கோடி பிராங்குக்கு மேற்பட்ட பொன்னை வாங்கியது. அதிற் பெல்ஜியம் முதலிய நாடுகளிற் கொள்ளையிட்ட பொன்னும் கலந்திருந்தது. 1946இல் வாஷிங்டனில் நேச நாடுகளோடு செய்த உடன்படிக்கையின்படி 25 கோடி பிராங்க் கட்டியது. நிலக்கரி வாங்கியது பிழைப்பதற்காக என்று வாதிடலாம். கொள்ளைப் பொன்னுக்கு அந்த வாதம் பொருந்துமா?

அதனிலும் கொடியது அகதிகளின் கதை. சுவிஸ் அதிகாரிகள் கொடுத்த அழுத்தத்தின் விளைவாக, 1938 ஒக்டோபர் முதல் ஜேர்மன் யூதரின் கடவுச்சீட்டுகளில் 'ஜே' என்ற எழுத்துப் பொறிக்கப்பட்டது. 1942 ஓகஸ்டில், நாஜிகளின் கொலைத்தொழில் உச்சத்தில் இருந்த வேளையில், எல்லை அடைக்கப்பட்டது. ஏறக்குறைய 50 ஆயிரம் பொதுமக்களுக்கு அந்நாடு யுத்த காலத்திற் புகலிடம் அளித்தது உண்மை. அவர்களில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் யூதர். ஆயிரக்கணக்கானோர் எல்லையிலிருந்து திருப்பப்பட்டதும் உண்மை. சென் காலன் மாகாணப் பொலிஸ் அதிகாரி போல் குறூனிங்கர், சட்டத்தை மீறி நூற்றுக்கணக்கான யூதர்களை உள்ளே விட்டார். 1939இல் வேலை பறிபோயிற்று; 1940இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்று தீர்த்தது. 1972இல் அவர் இறந்தார். 1995இலேதான் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. மனிதனுக்கும் மனிதனைக் கொல்பவனுக்கும் இடையே நடுநிலை நிற்க எந்த ஹேக் உடன்படிக்கையும் பணிக்கவில்லை.

இன்னுமொன்று. யுத்தத் தொடக்கத்தில் அரசாங்கம் பெற்ற விசேட அதிகாரங்கள் யுத்தம் முடிந்தபின்னும் நீடித்தன. 1949 செப்டெம்பர் 11ஆந் திகதி மக்களே வாக்களித்து, மிகச் சொற்ப வித்தியாசத்தில், அவற்றுக்கு முடிவு தேடினர். அவசர அதிகாரம் தானாக வீட்டுக்குப் போவதில்லை. மக்கள்தான் அதைக் கைப்பிடித்து வெளியே கொண்டு விடவேண்டும். நாட்டைக் காத்த அந்த ஆண்டுகளிற் கமத்தையும் கடையையும் சுமந்த பெண்களுக்கோ, மத்திய அரசின் தேர்தல்களில் வாக்குரிமை 1971இலேதான் கிடைத்தது.

இவையெல்லாம் பிறர் சுமத்திய குற்றச்சாட்டுகள் மாத்திரம் அல்ல. 1996இல் சுவிஸ் பாராளுமன்றமே சுதந்திரமான ஒரு விசாரணைக் குழுவை நியமித்து, வங்கிகளின் ஏடுகளையும் திறக்கச் செய்தது. சரித்திராசிரியர் பெர்ஜியே தலைமையில் இயங்கிய அக்குழு 2002இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. தன் பெருமைக் கதையைத் தானே விசாரணைக்கு உட்படுத்தும் துணிவும் ஒரு நாட்டின் பலமேயாகும்.

தீர்ப்பு

அன்பர்களே! 2022இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபின், சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைகளைத் தானும் ஏற்றது. 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் நேற்றோ அணியிற் சேர்ந்தன. நடுநிலைமை இக்காலத்துக்கு உதவுமா என்ற வாதம் தொடர்கின்றது. அதை ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கேற்பத் தீர்மானிக்கும். எவ்வாறு தீர்மானிப்பினும் நாம் விசாரித்த வழக்கின் சாட்சியம் மாறாது.

ஒப்பந்தம் வேண்டும், அதுவே உரிமைக்கு ஆதாரம். படை வேண்டும், அதுவே ஒப்பந்தத்துக்குக் காவல். ஆனால் அப்படையில் நிற்பவனுக்கு அந்த நாடு தன்னுடையது என்ற நிச்சயம் வேண்டும். அவன் பேசும் மொழிக்கு மதிப்பும், அவன் வீட்டுக்கு உணவும், அவன் வாக்குக்குப் பலனும் இருந்தாலன்றி அந்த நிச்சயம் பிறவாது. யுத்தம் வந்தபின் அதை அவசரச் சட்டத்தாற் பிறப்பிக்க முடியாது. சமாதான காலத்தில், எவரும் அச்சுறுத்தாத வேளையில், பெரும்பான்மையினர் தம் நீதியுணர்ச்சியால் அதைக் கட்டி வைக்க வேண்டும். சுவிற்சர்லாந்து அவ்வரணைக் கட்டிய இடத்தில் நின்றது. கட்டத் தவறிய இடத்தில், எல்லையில் வந்து நின்ற அகதியின் முன், தலைகுனிந்தது.

இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.